விரலில் மாட்டிய மோதிரம்

மட்டாஞ்சேரியில் அந்தத் தீயணைப்பு நிலையத்தைத் திறந்தது மிளகுக் கிடங்குகளில் அடிக்கடி தீப்பிடித்த காலத்தில். இப்போது அங்கே தீயைவிட விரலில் சிக்கிய மோதிரம்தான் அதிகம் வருகிறது. நடுவில் கிணற்றில் விழுந்த ஆடு, குக்கருக்குள் தலையை விட்ட குழந்தை.

அன்றைக்கு மத்தியானம் வந்தவள் மாடத்தி. யூதர்கள் வாழ்ந்த ஜூ டவுனில் பிரதீஷின் பழம்பொருள் கடையில் தூசி தட்டுபவள். தட்டும்போது கடை மோதிரம் ஒன்றை விரலில் போட்டுப் பார்த்திருந்தாள். கூடவே பிரதீஷும் வந்திருந்தார். அவருக்கு மோதிரத்தைப் பற்றித்தான் கவலை.

"முந்நூறு வருஷப் பழசு. வெட்டக்கூடாது" என்றார்.

தீயணைப்பு வீரர் ஆனந்தகுமார் விரலைத் திருப்பிப் பார்த்தார். வீங்கியிருந்தது. "எதுக்குக்கா போட்டீங்க?"

"நல்லா இருந்துச்சு" என்றாள் மாடத்தி.

சோப்பு போட்டார்கள். நூலைச் சுற்றி இழுத்தார்கள். மோதிரம் அசையவில்லை. அதற்குள் மணி அடித்தது. படகுத்துறைப் பக்கம் குப்பை எரிகிறதாம்.

"சேட்டா, இவங்க கையை மேலேயே தூக்கிப் பிடிச்சிருங்க. வீக்கம் வடியும். இப்ப வந்துடுறேன்" என்று ஆனந்தகுமார் ஓடி வண்டியில் ஏறினார்.

வாசல் பெஞ்சில் பிரதீஷ் அவள் கையைத் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அந்த வழியாகப் போன வெள்ளைக்காரத் தம்பதி படம் எடுத்துக்கொண்டார்கள். பிரதீஷ் பழக்க தோஷத்தில் சிரித்தார்.

"வலிக்குதா?"

"இல்ல முதலாளி. விரல் இருக்கிற மாதிரியே தெரியல."

பிரதீஷ் அப்போதுதான் விரலைப் பார்த்தார். நீலமாகியிருந்தது. அவருக்கு வியர்த்தது. கையை இன்னும் உயரத் தூக்கினார். அவளும் கூடவே எழுந்து நிற்க வேண்டியதாயிற்று.

வண்டி திரும்பி வாசலில் நிற்பதற்குள் பிரதீஷ் கத்தினார்: "வெட்டு! வேகம் வெட்டு!"

"முந்நூறு வருஷமாச்சே, சேட்டா?" என்றார் ஆனந்தகுமார்.

"இல்லப்பா. போன ஓணத்துக்கு இடப்பள்ளியில வாங்கினது."

ஆனந்தகுமார் சின்ன ரம்பத்தை எடுத்து வந்து அறுக்கத் தொடங்கினார். நல்ல ஸ்டீல், நேரம் பிடித்தது. மாடத்தி விரலைப் பார்க்காமல் பிரதீஷின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அந்த ராஜா காலத்துப் பெட்டி, முதலாளி?"

"நீ அனங்காம இரி. கை ஆடக்கூடாது."

மோதிரம் இரண்டாகிக் கீழே விழுந்தது. விரலில் மெல்ல மெல்ல ரத்தம் ஓடி, வலியும் திரும்பி வந்தது. அப்போதுதான் மாடத்தி அழுதாள். நிலையத்தில் எல்லோருக்கும் சாயா வந்தது. அவளுக்கு மட்டும் பிரதீஷ் டம்ளரைப் பிடித்துக்கொண்டார்.

அந்த வாரம் முழுக்க அவளுக்கு விரல் மடங்கவில்லை. பிரதீஷே தூசி தட்டினார். ஒரு கண்ணாடி விளக்கு உடைந்தது. அது நிஜமாகவே பழசு.