பாடகியின் இரண்டு மோதிரங்கள்

1

இது ஒரு செய்தியிலிருந்து பிறந்த கதை, மறைக்க ஒன்றுமில்லை. புகழ்பெற்ற பாடகி ஒருவரின் நகைகள் ஏலத்துக்கு வருகின்றன, அதில் நிற வைரம் பதித்த மோதிரமும் உண்டு என்று நாலு வரி போட்டிருந்தார்கள். யார் எவ்வளவு கொடுப்பார்கள் என்று எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டிருக்க, எனக்கு மட்டும் வேறு கவலை. அந்த விரலைப் பிடித்துக்கொண்டு நடந்த குழந்தை ஒன்று இருந்திருக்குமே, அது இப்போது என்ன செய்கிறது? இதைக் கேட்க என் வீட்டில் வேறு ஆள் இல்லை. அதனால் எழுத உட்கார்ந்தேன்.

(செய்தியில் வந்த பாடகி வேறு, என் பாடகி வேறு. இவளைத் தலை முதல் கால் வரை நானே செய்தேன்.)

முதலில் இப்படித் தொடங்கினேன்: "ஏல மண்டபத்தில் சுத்தியல் ஓங்கப்பட்ட அந்த நொடியில் அவள்..." 

வேண்டாம். சுத்தியலைக் காட்டினால் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவீர்கள். இந்தக் கதைக்குச் சாய்ந்து உட்கார்ந்தாலே போதும்.

2

பாடகியின் ஒரே மகளை முதலில் வங்கியில் வேலைக்கு வைத்தேன். மரக்கட்டை மாதிரி இருந்தாள். காது கேட்கும் திறனைச் சோதிக்கும் வேலையைக் கொடுத்த பிறகுதான் மூச்சு விட்டாள். கண்ணாடிக்கு அந்தப்புறம், சத்தம் புகாத சின்ன அறையில் வந்தவர் ஹெட்போனோடு உட்கார்ந்திருப்பார். இந்தப்புறம் இவள் பொத்தானை அழுத்துவாள். சத்தம் கேட்டால் அவர் கையைத் தூக்க வேண்டும். கேட்காத சத்தத்துக்கும் சிலர் தூக்குவார்கள், பரீட்சையில் தோற்றுவிடக் கூடாதே என்று. அவர்களை அவளுக்குப் பிடிக்கும்.

ஐம்பதை நெருங்குகிறாள். தனி ஆள். வீட்டில் வானொலி கிடையாது. எந்த நிலையத்திலிருந்து அம்மாவின் குரல் தாவி வருமோ என்று பயம். சமைத்ததை அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டுவிடுவாள்.

3

குழந்தையாக இருந்தபோது அவளுக்கு அம்மா என்றாலே கிளம்புகிற அம்மாதான். புடவை கட்டி, தலை வாரி முடித்து, கடைசியாக இரும்பு அலமாரியைத் திறப்பாள். சின்னப் பெட்டியிலிருந்து மோதிரம் வெளியே வரும். மஞ்சள் கல். விரலில் மாட்டிக்கொண்டு, மகளின் உச்சந்தலையில் ஒரு முத்தம் வைத்து, "நீ பெரியவளானா இந்த மஞ்சள் மோதிரம் உனக்குத்தான்" என்பாள். அடுத்தது கதவு சாத்தும் சத்தம்.

திரும்பி வரும்போது குழந்தை தூங்கியிருக்கும். காலையில் மோதிரம் அலமாரிக்குள் போயிருக்கும். கச்சேரிக்கு அழைத்துப் போனால் நடுவில் அழுகிறாள் என்று கூட்டிப்போவதையும் விட்டுவிட்டார்கள்.

பெரியவளாகி, வேறு ஊரில் வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒரு பத்திரிகை அட்டையில் அம்மாவைப் பார்த்தாள். கன்னத்தில் கை, விரலில் மோதிரம். கல் பச்சை.

[இங்கே ஒருவர் குறுக்கிடுவார்: அதுவரை அம்மாவின் படத்தையே அவள் பார்த்ததில்லையா? பார்த்தாள் ஐயா. கறுப்பு வெள்ளையில், இல்லையென்றால் விரல் தெரியாத படங்களில்.]

4

தொலைபேசியில் கேட்டாள். என்னுடைய மஞ்சள் மோதிரம் எங்கே, இந்தப் பச்சை யார் கொடுத்தது என்று.

"ரெண்டும் ஒண்ணுதான்டி. வெளிச்சம் பட்டா அது பச்சையாயிடும். வீட்டுக்கு வா, காட்டுறேன்."

"உனக்கு மட்டும் எப்படிம்மா எல்லாத்துக்கும் ஒரு காரணம் கிடைக்குது?" என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டாள்.

இந்த இடத்தில் எனக்கே அவள்மேல் சந்தேகம் வந்தது. ஒரு மோதிரத்துக்காகப் பெற்றவளோடு பேச்சை முறிப்பாளா? அழித்துவிட்டு யோசித்தேன். மோதிரம் மட்டும் என்றால் முறித்திருக்க மாட்டாள். பள்ளி விழாவுக்கு வராததற்கு மழை. காய்ச்சலில் கிடந்தபோது வராததற்கு விமானம். பிறந்தநாளுக்குத் தொண்டைக் கட்டு. எல்லாமே உண்மையான காரணங்கள். அம்மா ஒருநாளும் பொய் சொன்னதில்லை. ஆனால் உண்மையையே கேட்டுக் கேட்டு இவளுக்குச் சலித்துவிட்டது.

அம்மா அதற்குப் பிறகும் கூப்பிட்டாள். இவள் எடுக்கவில்லை. கொஞ்ச காலத்தில் கூப்பிடுவதும் நின்றது. பிறகு ஒருநாள், எல்லோரையும் போல இவளும் செய்தியில் கேட்டுத்தான் அம்மா போனதைத் தெரிந்துகொண்டாள்.

(அந்த நாளை எழுத முயன்றேன். "அவள் அன்றும் வேலைக்குப் போனாள், கண்ணாடிக்கு இந்தப்புறம் உட்கார்ந்து..." அதற்குமேல் கை ஓடவில்லை. அப்படியே விட்டிருக்கிறேன்.)

5

கடைசிவரை அம்மாவின் விரலில் இருந்த பச்சை மோதிரம் மகளுக்கு வந்து சேர்ந்தது. பெட்டியைத் திறக்காமல் பட்டியலை மட்டும் படித்தாள், அதில் மஞ்சள் இல்லை. யாரோ ஒரு சிஷ்யைக்குப் போயிருக்கும் என்று முடிவு கட்டினாள். எனக்குச் சொன்னதை எவளுக்கோ கொடுத்தாயல்லவா, உன் பச்சை எனக்கு எதற்கு என்று ஏலக்காரர்களிடம் தூக்கிக் கொடுத்துவிட்டாள்.

ஆனாலும் ஏலத்துக்கு முந்தின சனிக்கிழமை, பார்வைக்கு வைத்திருந்த கூடத்துக்குப் போனாள். கண்ணாடிப் பேழைக்குள், விளக்கடியில், பச்சை மின்னியது. அங்கே கற்களைச் சோதிக்கும் பெரியவரிடம், அம்மாவின் மற்ற நகைகளோடு ஒரு மஞ்சள் வைரம் வந்ததா என்று கேட்டாள். எதற்கு என்று அவர் விசாரித்தார். சொன்னாள். அவர் பேழைக்குள் இருந்த பச்சையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை கூடம் மூடியிருக்கும், எல்லாம் பெட்டகத்துக்குள் போய்விடும், திங்கள் காலை வாருங்கள் என்று மட்டும் சொன்னார்.

திங்கள் காலை அவர் பெட்டகத்திலிருந்து சின்னப் பெட்டியை எடுத்துவந்து அவள் முன்னால் திறந்தார். உள்ளே மஞ்சள் கல்.

"இது என்னோடது" என்றாள்.

"பேசாம பாத்துக்கிட்டே இருங்க, மேடம்."

ஜன்னல் வெளிச்சம் மேசைமேல் விழுந்திருந்தது. கல்லின் ஓரம் மங்கியது. மஞ்சளுக்குள் ஏதோ கலங்கியது போலிருந்தது. அவள் கண்ணெதிரிலேயே, அவசரமே இல்லாமல், அது பச்சையானது. இப்படியும் சில வைரங்கள் உண்டு என்றார் பெரியவர். நெடுநேரம் இருட்டில் கிடந்தால் மஞ்சளாகும், வெளிச்சத்துக்கு வந்தால் சில நிமிடங்களில் பச்சைக்குத் திரும்பிவிடும். உலகம் பார்த்ததெல்லாம் பச்சைதான். பெட்டியைத் திறக்கும்போது பக்கத்தில் இருந்தவர்களுக்குத்தான் மஞ்சள் தெரியும்.

"உங்க அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்குமே. சொல்லலையா?"

"சொன்னாங்க."

6

ஏலத்திலிருந்து எடுத்துக்கொள்வதானால் இன்றே சொல்ல வேண்டும் என்று பெரியவர் மெதுவாகச் சொல்லிவிட்டுக் காத்திருக்கிறார்.

எடுத்துக்கொள்கிறாள் என்று எழுதிப் பார்த்தேன். மோதிரத்தோடு வானொலி இல்லாத தன் வீட்டுக்குள் நுழைந்தாள், அலமாரியில் வைத்தாள், மூடினாள். அப்புறம் செய்வதற்கு அவளுக்கு ஒன்றுமில்லை. விற்றுவிடுகிறாள் என்றும் எழுதினேன். யாரோ வாங்கிப் பூட்டிவைத்தார்கள், இவள் பேருந்து பிடித்து வேலைக்குப் போனாள். கிழித்துப் போட்டேன். அம்மா கனவில் வந்து மன்னித்தாள் என்று மூன்றாவதாக ஒன்றை எழுதும்போது எனக்கே வெட்கமாகிவிட்டது. செத்தவர்களை மன்னிக்க வைக்க நான் யார்?

பெரியவர் தண்ணீர் கொண்டுவர எழுந்து போகிறார். அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்துவிட்டேன். என்னிடம் அவளுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. நீங்கள் வாருங்கள். உட்காருங்கள். முகத்தைத் திருப்பாமல், கல்லைப் பார்த்தபடியே உங்களிடம்தான் கேட்கிறாள்:

"ஒரே ஒரு தடவ போய்ப் பாத்திருக்கலாம், இல்ல?"