ஒன்பதரை மணிச் சாப்பாடு

1

இந்தக் கதையை என்னிடம் கேட்டவர் ஒரு பத்திரிகை ஆசிரியர். "உடம்பைக் குறைச்ச பொம்பளை ஒருத்தரோட கதை வேணும். முன்னால ஒரு போட்டோ, பின்னால ஒரு போட்டோ. நடுவுல நீங்க உருக்கமா நாலு பக்கம் எழுதுங்க" என்றார். எனக்கு அப்படி ஒருத்தியைத் தெரியும் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். என் வீட்டுக்குக் கீழ்வீட்டில் இருப்பவள், நகரப் பேருந்து ஓட்டுநர். கேட்டதும், "எழுதிக்கோங்க, ஆனா பேரு போடாதீங்க" என்றாள். பணிமனையில் அவளுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. உடம்பைக் கேலி செய்து வைத்த பெயர். அதை நான் எழுத மாட்டேன். ஓட்டுநர் என்றே இருக்கட்டும்.

முதல் வரி இப்படி வந்தது: "நிலைக்கண்ணாடி முன் நின்று தன் இடுப்பைப் பார்த்த அவள் கண்களில்..."

நிறுத்திவிட்டேன். பொய். ஐந்து மணிக்கு வண்டி எடுக்கிறவளுக்கு நிலைக்கண்ணாடி பார்க்க ஏது நேரம்? நாளெல்லாம் அவள் பார்ப்பது வண்டியின் பக்கக் கண்ணாடிகளை. அவற்றில் லாரிகள்தான் தெரியும்.

இரண்டாவது: "அவளுக்கு நாக்கை அடக்கத் தெரியாது. அதனால்தான்..."

ஊரே சொன்னது இதைத்தான். அடித்த வேகத்தில் பேனா தாளைக் கிழித்துவிட்டது.

2

நடந்ததையே சொல்கிறேன். ஓட்டுநர்களுக்கு ஆண்டுக்கொரு முறை உடல் பரிசோதனை உண்டு. அந்த வருஷம் அவளுக்கு ரத்த அழுத்தம் ஏறியிருந்தது. கம்பெனி டாக்டர் தாளிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "மூணு மாசத்துல பத்து கிலோ குறைக்கணும். இல்லன்னா தகுதிச் சான்று கிடையாது. வாயைக் கட்டுங்க."

சான்று இல்லையென்றால் வண்டி இல்லை. பதினாறு வருஷம் ஒரு கீறல்கூட விழாமல் ஓட்டியவள் அவள்.

வாயைக் கட்டினாள். முட்டைக்கோஸ் சூப், மூன்று வேளையும்.

[அடிக்குறிப்பு போல ஒன்று: இது ஆறாவது தடவை. வெள்ளரிக்காய் மட்டும், பழம் மட்டும், தங்கை கொடுத்த பவுடர் என்று இதற்கு முன் ஐந்து. ஐந்திலும் எடை போனது. போனது சும்மா வராமல் துணைக்கு ஆள் சேர்த்துக்கொண்டு திரும்பி வந்தது.]

வீட்டிலேயே துணி தைக்கும் அவள் கணவர் நாலாம் நாள் சொன்னார்: "நீ சூப்பைக் குடிச்சுட்டு எங்களைக் கடிச்சுத் திங்கிற. இதுக்கு ஒழுங்கா சாப்பிட்டே தொலைக்கலாம்."

பதினோராம் நாள் காலை. வண்டியில் ஐம்பது பேர். சிக்னலில் நின்றபோது விளக்குகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன, எது பச்சை என்று புரியவில்லை. மெல்ல ஓரம் கட்டினாள், கைபிரேக்கை இழுத்தாள், கதவைத் திறந்துவிட்டாள். அப்புறம்தான் தலை ஸ்டியரிங்கில் சாய்ந்தது. யாரோ ஓடிவந்து தூக்கும்வரை ஹாரன் அலறிக்கொண்டே இருந்ததாம்.

(ஒரு பயணியைச் சாகவிட்டால் கதை சூடுபிடிக்கும் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். வெட்கமாக இருந்தது. விட்டுவிட்டேன்.)

3

பக்கத்துச் சுகாதார நிலையத்தில் ஒரு நர்ஸ், ஜலதோஷத்தில் மூக்கைத் துடைத்துக்கொண்டே பிரஷர் பார்த்தாள்.

"கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?"

"நேத்து சாயங்காலம். சூப்."

"அதை விடுங்க. டயட் இல்லாத நாள்ல எப்பெப்ப சாப்பிடுவீங்க?"

ஓட்டுநர் யோசித்துச் சொன்னாள். நாலரைக்கு மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்ட டீ. வழியில் இன்னும் இரண்டு டீ, பிஸ்கட். மூன்று மணிக்கு வீடு. செருப்பைக்கூடக் கழற்றாமல், நின்றபடியே, கண்ணில் பட்டதெல்லாம்.

"பத்து மணி நேரம் பட்டினி போட்டா உடம்பு சும்மா இருக்குமா? பாவம், நாக்கு மேல பழியைப் போட்டுட்டீங்க."

எப்போது சாப்பிடுகிறாய் என்ற இந்தச் சின்னக் கேள்வியை ஆறு டயட்டிலும் ஒருவரும் கேட்கவில்லை. பத்து கிலோ கேட்ட டாக்டரும் கேட்கவில்லை. எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"ஒண்ணே ஒண்ணு மாத்துங்க. எழுபது வயசுலயும் செய்வேன்னு தோணுறதா பாத்து நீங்களே சொல்லுங்க" என்றாள் நர்ஸ்.

"காலைல உக்காந்து சாப்பிடணும்" என்றாள் ஓட்டுநர். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

4

உட்கார நேரம் வேண்டுமே. இரண்டாவது நடை ஒன்பதரைக்கு முடியும். அடுத்தது ஒன்பது முப்பத்து நாலுக்கு. பணிமனை நேரக்காப்பாளரை எல்லோரும் 'முள்' என்பார்கள். அவரிடம் பதினைந்து நிமிஷம் கேட்டாள்.

"உங்களுக்கு மட்டும் தனிக் கடிகாரமா ஓடுது?" என்றார் முள்.

மறுநாள் ஒன்பதரைக்கு இன்ஜினை அணைத்தாள். பயணிகள் இருக்கையில் போய் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள். ரொட்டி, அவித்த முட்டை, வேகவைத்த பயறு. கணவர் கட்டிக் கொடுத்தது. ஒரு பயணி ஏறி, "எப்பம்மா எடுப்பீங்க?" என்றார்.

"சாப்பிட்டுட்டு எடுக்கிறேங்க."

இரண்டு வாரத்தில் மூன்று மெமோ. நாலாவதுக்கு மேலாளர் கூப்பிட்டார்.

"தினமும் பதினோரு நிமிஷம் லேட் பண்றீங்க."

"ஆமா சார். நான் மயங்கி விழுந்த அன்னிக்கு எத்தனை நிமிஷம் லேட்டு? அதையும் அதுல எழுதுங்க."

(முதல் பிரதியில் இங்கே மேலாளரின் மனம் இளகியது. அடித்துவிட்டேன். அவர் மனம் இளகவில்லை.) அடுத்த வாரம் ஏழு ஓட்டுநர்கள் ஏழு வண்டிகளில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அட்டவணை அதனால்தான் மாறியது. எல்லோருக்கும் ஒன்பதே முக்கால் வரை இடைவேளை. முள்ளும் இப்போது அந்த நேரத்தில் டப்பா திறக்கிறார்.

5

மற்றதெல்லாம் மெதுவாக வந்தது. சர்க்கரை ஒரு ஸ்பூனுக்கு இறங்க ஏழு வாரம் ஆயிற்று. மூன்று மணிக்கு வீடு வந்தால் செருப்பைக் கழற்றவும் பொறுமை இருந்தது. ஒரு பிறந்தநாளில் கேக் மூன்று துண்டு தின்றாள். டயட்டாக இருந்தால் அன்றோடு எல்லாம் குட்டிச்சுவர். இவளோ மறுநாள் வழக்கம்போலச் சாப்பிட்டு வண்டியை எடுத்தாள்.

மூன்றாம் மாசம் பரிசோதனை. அழுத்தம் சரியாக இருந்தது. எடை நாலு கிலோதான் குறைந்திருந்தது.

"பத்து சொன்னேனே" என்றார் டாக்டர்.

"நீங்க சொன்னதைச் செஞ்சு ஐம்பது பேரை நடுரோட்டுல நிறுத்தினேன் டாக்டர். இப்ப செய்யுறது எனக்குத் தாங்குது. போடுறதுன்னா போடுங்க."

அவர் முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தார். ஆறு மாதத்துக்குக் கையெழுத்துப் போட்டார்.

6

ஆசிரியர் படித்துவிட்டுப் போனில் சிரித்தார். "நாலு கிலோ போட்டோவுல தெரியாதேங்க. பத்துன்னு போட்டுடுங்க, யாரு வந்து நிறுத்துப் பாக்கப் போறா?"

போட்டுப் பார்த்தேன்: "பத்தாவது கிலோ குறைந்த அன்று அவள் புதுப் பிறவி எடுத்தவள் போல..." கிழித்தேன். டாக்டர் மன்னிப்புக் கேட்பதாக ஒரு முடிவு எழுதினேன். எனக்கு இனித்தது. ஆனால் அவர் கேட்கவில்லையே. அதையும் கிழித்தேன். ஆசிரியருக்குக் கதையைக் கொடுக்கவில்லை.

இது நடந்து மூன்று வருஷம். இப்போது எத்தனை கிலோ என்று நீங்களும் கேட்பீர்கள். எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். முடிவு வேண்டுமென்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் அவளை மறுபடி எடைமெஷினில் ஏற்றாதீர்கள். நான் எப்படி முடிப்பது? நாளைக்கும் அவளுக்குப் பசிக்கும்.