பதினான்கு ஃபில்டர்கள்

மலையுச்சிச் சுரங்க நகரமான பொதோசியில் விடியற்காலையில் இரும்பைத் தொட்டால் தோலைப் பிடித்து இழுக்கும். அந்த நேரத்தில்தான் நானும் லாரி கழுவும் பெனிதிக்தாவும் கனிம லாரிகளின் ஏர் ஃபில்டர்களைக் கழற்றிக் காற்றுக்குழாயால் ஊதுவோம். தூசி பல்லிடுக்கில் அப்பும். துப்பினால் கோழை கறுப்பாக விழும். எவ்வளவு ஊதினாலும் பாதி அடைப்பு போகாது. புதியது கேட்டால் முதலாளி தோன் ரோமுலோ ஒரே பதில்தான் சொல்வார்: "இன்னும் ஒரு மாசம் ஓட்டு."

இந்த உயரத்தில் காற்றே அரைகுறை. அடைத்த ஃபில்டர் வழியே அதை உறிஞ்சி இஞ்சினுக்குள் திணிக்க டர்போ விசிறி பேய்வேகத்தில் சுற்றும். காற்று கொதித்துக்கொண்டு வெளிவரும். அதைக் குளிர்விக்க வேண்டிய இன்டர்கூலரோ சேறு இறுகிக் கிடந்தது. டர்போவில் கசிந்த எண்ணெய் இஞ்சினுக்குக் காற்று போகும் குழாய்க்குள் தேங்கியது. எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தேதான் அந்த ஃபில்டர்களைத் திரும்ப மாட்டினேன்.

செவ்வாய்க்கிழமை ஏற்றத்தில் டிரைவர் இலாரியோனின் லாரியில் அந்தக் குழாய் வெடித்தது. சிதறிய எண்ணெய் பற்றிக்கொண்டது. தீயை அணைக்கப் போன அவனது இரண்டு கைகளும் வெந்துபோயின.

மறுநாள் காலை தோன் ரோமுலோ ஒரு காகிதத்தோடு வந்தார். எங்கள் நாற்றம் படாமலிருக்க மூக்கில் கைக்குட்டை.

"டிரைவர் தப்பான கியர்ல ஓட்டினதால இஞ்சின் சூடாச்சுன்னு எழுதியிருக்கு. நீதான் மெக்கானிக். கையெழுத்துப் போடு, செவேரோ."

"இதுல போட்டா அவன் வேலை போயிரும், மொதலாளி. வைத்தியமும் அவன் தலையில விழும்."

"அது அவன் பாடு. உனக்கு வேலை வேணுமா, வேணாமா?"

பெனிதிக்தா பக்கத்து லாரியின் ஃபில்டரைக் கொண்டுவந்து அவர் காகிதத்தின் மேலேயே தட்டினாள். தூசி அவர் கோட்டில் படிந்தது.

"இது வழியா ஒருநாள் நீங்க மூச்சு விடுங்க. அப்புறம் கியரைப் பத்திப் பேசலாம்."

சுற்றி நின்ற டிரைவர்கள் சிரித்துவிட்டார்கள்.

"லாரி கழுவுறவ நீ! உனக்கென்னடி தெரியும்?"

"கழுவுறதாலதான் தெரியும். இன்டர்கூலர் சேத்தைக் கழுவப் பம்பு கேட்டு எட்டு மாசமாச்சு."

எனக்கு வெறுப்பாக இருந்தது. அவரைப் பார்த்து மட்டுமல்ல, என் கைகளைப் பார்த்தும். காகிதத்தை வாங்கித் திருப்பினேன். பின்பக்கத்தில் எழுதினேன்: 'அடைத்த ஃபில்டரை மாட்டியவன் நான். மாட்டச் சொன்னவர் முதலாளி.' கையெழுத்துப் போட்டேன். கீழே டிரைவர்கள் ஒவ்வொருவராகப் போட்டார்கள். எழுதத் தெரியாதவர்கள் கிரீஸில் விரலைத் தோய்த்து ரேகை வைத்தார்கள்.

பிறகு மிச்சமிருந்த பதினான்கு லாரிகளின் ஃபில்டர்களையும் கழற்றி வாசலில் குவித்துவிட்டு, அதன் முன்னால் உட்கார்ந்தோம்.

மதியம், எங்கள் லாரிகளை ஓட்ட முதலாளி கூப்பிட்டனுப்பிய வேறு டிப்போ டிரைவர்கள் ஆறு பேர் வந்தார்கள். அவர்களில் தடித்த கழுத்துக்காரன் ஒருவன் ஒரு ஃபில்டரை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்தான். ஒரு பொட்டு வெளிச்சம்கூட வரவில்லை.

"த்தூ! எங்க வண்டியிலயும் இதே கருமம்தான்."

"வண்டியை எடுங்கடா! இப்பப் போலீஸ் வரும்!" என்று மாடி ஜன்னலிலிருந்து கத்தினார் தோன் ரோமுலோ.

அவன் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. "கை வெந்தவன் எந்த ஆஸ்பத்திரியில கெடக்கான்?" என்று பெனிதிக்தாவிடம் கேட்டான். சொன்னாள்.

"உங்கள்ல ரெண்டு பேரு அவன்கிட்டப் போங்க. மத்தவங்க யாரும் நகர வேணாம்" என்றவன் எனக்கும் அவளுக்கும் நடுவே இடம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்தான். எங்கள் ஆட்கள் இருவர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள்; அவனோடு வந்த ஐந்து பேரும் உட்கார்ந்தார்கள்.