மாவுப்பனியில் நின்று நின்று போன தடம்

மலையின் மேல் நிலையத்தில், கம்பியில் தொங்கும் நாற்காலி லிஃப்ட் முடிகிற இடத்துக்குப் பக்கத்தில், வெண்டலின் கூடாரம் போட்டுப் புதுப் பனிச்சறுக்குப் பலகைகளைச் சாய்த்து வைத்திருந்தான். பருவம் தொடங்கும்போது கடைக்காரன் இப்படி வருவது உண்டு. பிடித்த ஜோடியை மாட்டிக்கொண்டு இறங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாம்.

அஃப்ரா வரிசையின் கடைசியில் இருந்த ஜோடியைத் தூக்கினாள். நன்றாகத் தேர்ந்த பெண்களுக்கென்றே செய்தது. மாவு மாதிரி கிடக்கும் புதுப்பனியில் மிதப்பதற்காக அகலமாக இருந்தது. உள்ளே உலோகத் தகடு வைத்திருந்தார்கள். முனையைப் பிடித்து வளைத்துப் பார்த்தாள். கதவை வளைக்கப் பார்ப்பது போல இருந்தது.

"அது முரடு. பக்கத்துல இருக்கு பாருங்க, அது சாது. சொன்னபடி கேக்கும்," என்றான் வெண்டலின்.

"சாது ஒண்ணு வீட்டுலயே இருக்குப்பா. அதுவே போதும்," என்றாள் அஃப்ரா.

கூட வந்த தோழி ரைன்ஹில்ட் சிரித்தாள். சீக்கிரமே நிறுத்திவிட்டாள். அவளும் அதே மாதிரி ஒரு ஜோடியை எடுத்துக்கொண்டாள்.

போன வசந்தத்தில் அஃப்ராவுக்கு இடது முழங்காலில் தசைநார் கிழிந்து அறுவை சிகிச்சை நடந்தது. கோடை முழுவதும் ரைன்ஹில்ட்தான் அவளைப் பயிற்சிக்குக் கூட்டிப் போனாள். படிக்கட்டில் அவள் ஏறி இறங்கும்போது கீழே உட்கார்ந்து ஊர்க்கதை பேசினாள். டாக்டர் சறுக்கலாம் என்று சொல்லிவிட்டார். ஆனால் டாக்டருக்கு வடக்குப் பிளவைப் பற்றித் தெரியாது.

வடக்குப் பிளவு உச்சியிலிருந்து நேராக விழும் இடுக்கு. ஒவ்வொரு வருடமும் முதல் பெரிய பனி படிந்ததும் அதில் இறங்குவது அஃப்ராவும் ரைன்ஹில்டும்தான். பள்ளிக்கூடம் முடித்த குளிர்காலத்திலிருந்து அப்படி. அங்கே பனி சரிந்து ஒருத்தி புதைந்தால் இன்னொருத்திதான் வந்து தோண்டி எடுக்க வேண்டும். வேறு யாரும் மூச்சு நிற்பதற்குள் வந்து சேர முடியாது. அதனால் யார் யாரோடு பிளவில் இறங்குகிறார்கள் என்பதை ஊரில் கல்யாணப் பேச்சு மாதிரிதான் பேசுவார்கள்.

பிளவின் மேல்பகுதியில் காற்றில் இறுகிய பனியில் மென்மையான பலகைகள் நடுங்கும்; முரட்டுப் பலகைதான் வேண்டும். இதை அடக்க முடிந்தால் ஞாயிற்றுக்கிழமை பிளவுக்கு வருகிறேன் என்று அஃப்ராதான் சொல்லியிருந்தாள். ரைன்ஹில்ட் உடனே சரி என்றாள். அந்த 'சரி' கொஞ்சம் வேகமாக வந்தது போல அஃப்ராவுக்குத் தோன்றியது. தோன்றியதை ஒதுக்கி வைத்தாள்.

ரைன்ஹில்ட் முதலில் இறங்கினாள். அஃப்ரா பின்னால் போனாள். முதல் திருப்பம் அழகாக வந்தது. பனி இடுப்புக்கு மேல் எழும்பி முகத்தில் அடித்தது. அவளுக்கு அழுகை வருகிற மாதிரி சந்தோஷமாக இருந்தது. பிறகு சரிவு செங்குத்தானது. இந்தப் பலகைக்கு உடம்பின் எடை எப்போதும் முன்னால் இருக்க வேண்டும். கொஞ்சம் பின்னால் சாய்ந்தாலும் அது தன் இஷ்டத்துக்கு ஓடும். அவள் இடது காலை அழுத்தினாள். கால் வலிக்கவில்லை. வலித்திருந்தால்கூடப் பரவாயில்லை. கூப்பிட்டால் வரவில்லை, அவ்வளவுதான். பலகை அவளை இழுத்துக்கொண்டு போனது. எப்படியோ குறுக்கே திருப்பி நின்றாள், மறுபடி தொடங்கினாள், மறுபடி நின்றாள்.

கீழே ஒற்றை மரத்தடியில் ரைன்ஹில்ட் நின்றுகொண்டிருந்தாள்.

அந்த ஊரில் புதுப்பனி நாளில் யாரும் யாருக்காகவும் நிற்பதில்லை. கல்யாணமான மறுநாள் பனி கொட்டியது என்று பெண்டாட்டியை லிஃப்ட் வாசலில் விட்டுவிட்டுப் போன மாப்பிள்ளை உண்டு. அவளுடைய அம்மாகூட அவன்மேல் குறை சொல்லவில்லை.

பூட்ஸ் கொக்கி கழன்றுவிட்டது, அதைப் போட்டுக்கொண்டிருந்தேன் என்றாள் ரைன்ஹில்ட். அஃப்ரா நம்பினாள். நம்ப வேண்டும் போல இருந்தது.

மேலே போக இருவரும் லிஃப்டில் ஏறினார்கள். அந்த நாற்காலி அவர்கள் இறங்கிய சரிவுக்கு நேர் மேலே போகும் என்பதை ரைன்ஹில்ட் மறந்துவிட்டாள். அதற்குள் மேகம் விலகி வெயில் வந்திருந்தது. வேறு யாரும் தொடாத வெள்ளையில் இரண்டே தடங்கள்.

ஒன்று அஃப்ராவுடையது, தண்ணீரில் விழுந்த நூல் மாதிரி. மற்றது ரைன்ஹில்டுடையது. நீள நீளமாக வளைத்து இறங்குகிறவள் அவள். தூரத்திலிருந்தே அவள் தடத்தை ஊரில் எல்லோரும் அடையாளம் சொல்வார்கள். இன்று அது குட்டிக் குட்டியாக, நின்று நின்று போயிருந்தது. நின்ற இடத்திலெல்லாம் பனி மிதிபட்டு, மேல்பக்கம் திரும்பிப் பார்த்த பலகைகளின் அடையாளம். சரிவின் நடுவில் இருந்த நல்ல பனியை அவள் தொடவே இல்லை. அதை அஃப்ராவுக்கு விட்டுவிட்டு ஓரமாகவே போயிருந்தாள்.

ரைன்ஹில்டும் கீழே பார்த்தாள். பிறகு எதிர்மலையைப் பார்த்தாள்.

"கொக்கி இத்தனை இடத்துலயாடி கழண்டுச்சு?" என்றாள் அஃப்ரா.

ரைன்ஹில்ட் குனிந்து பூட்ஸ் கொக்கியைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமை உன்கூட யாரு வர்றா?"

"அதெல்லாம் யாரும் இல்ல. நீதான்..."

"ரைன்ஹில்ட்."

லிஃப்ட் கம்பத்தின் உருளைகள் தலைக்கு மேல் கடகடத்தன. "பிளவுக்கு நான் வரட்டுமான்னு தெரேஸ் கேட்டா. நான் இன்னும் பதில் சொல்லல," என்றாள் ரைன்ஹில்ட்.

எப்போது கேட்டாள் என்றதற்கு, கோடையிலேயே என்று சொன்னாள். அப்படியென்றால் படிக்கட்டின் கீழே உட்கார்ந்து ஊர்க்கதை பேசிய நாட்களிலேயே. அஃப்ராவுக்குக் கோபம் வந்தால் நன்றாக இருந்திருக்கும். வரவில்லை. இத்தனை நாளாக ஒருத்திக்குப் பதில் சொல்லாமல் இழுத்தடித்தது யாருக்காக என்று தெரிந்துபோனது.

"நான் புதைஞ்சா நீ வருவ. அது எனக்குத் தெரியும்டி. ஆனா..." என்றாள் ரைன்ஹில்ட்.

"ஆனா நேரத்துக்கு வந்து சேர மாட்டேன்," என்று அஃப்ராவே முடித்தாள்.

ரைன்ஹில்ட் கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கிக்கொண்டாள். மீதி வழி முழுவதும் தோளும் தோளும் இடித்துக்கொண்டே இருந்தன. அந்த நாற்காலி அவ்வளவு சின்னது.

மேலே இறங்கியதும் அஃப்ரா, "போ. இந்தத் தடவை நிக்காதே," என்றாள். ரைன்ஹில்ட் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அஃப்ரா சறுக்குக் கோலால் அவள் பலகையின் பின்பக்கத்தைத் தள்ளிவிட்டாள். அவள் போனாள்.

கூடாரத்தில் தெரேஸ் நின்றுகொண்டிருந்தாள், ரொட்டிக்கடை வீட்டு மருமகள். அஃப்ராவைப் பார்த்ததும் கையுறையைக் கழற்றினாள், மறுபடி மாட்டினாள். பலகை எப்படி என்று வெண்டலின் கேட்டான். நல்ல பலகை என்றாள் அஃப்ரா. பிறகு அதைத் துடைத்துத் தெரேஸின் கையில் கொடுத்தாள்.

"இதையே போட்டுப் பாரு. உன் காலுக்கு அடங்கும்."

"நீங்க வரலையாக்கா?"

"பிளவுல பாதியில ஒரு கறுப்புப் பாறை வரும். அவ அதுக்கு இடது பக்கம்தான் ஒதுங்குவா. மேல இருந்து பாத்தா தெரியாது. காணோமேன்னு பதறாதே, அங்கதான் இருப்பா. வேகம் எடுத்துட்டா நீ கத்துறது அவ காதுல விழாது. அதனால நீதான் அவமேல வச்ச கண்ணை எடுக்கக் கூடாது. புரியுதா?"

புரிகிறது என்றாள் தெரேஸ். இன்னும் சொல்ல நிறைய இருந்தது. அஃப்ரா நிறுத்திக்கொண்டாள்.

ரைன்ஹில்ட் திரும்பி மேலே வருவதற்குள் போய்விட வேண்டும் என்று கீழே இறங்கும் நாற்காலிக்கு நடந்தாள். மலை பார்க்க வந்தவர்களும் குழந்தைகளும்தான் அதில் இறங்குவார்கள். லிஃப்ட்காரர் அவளைப் பார்த்தார். விசையைத் திருப்பி, அவள் உட்காருவதற்காக நாற்காலியின் வேகத்தைக் குறைத்தார்.