ஆடும் வீடும் நீலத் தொட்டிலும்

கோக்தெரக் கிராமத்தில், கால்வாய்க்கு மேற்கே மூன்றாவதாக நிற்கும் செங்கல் வீடு மூன்று ஆண்டுகளாக ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கிறது. இடமும் வலமுமாக, நிமிடத்துக்கு நாற்பது முறை. ஃபெர்கானா பள்ளத்தாக்கின் பெருமக்களே, வந்து பாருங்கள்! ஆனால் வீட்டைப் பார்த்து வாய்பிளந்து நின்றுவிடாதீர்கள். ஆடுகிற வீடு அதிசயம்தான், அநியாயம் அன்று. அநியாயம் அதே வீட்டு வாசலில், அது ஆடத் தொடங்குவதற்குச் சற்று முன்பு, பட்டப்பகலில், ஊர் கூடி நிற்க நடந்தது. அதற்குத்தான் உங்கள் சாட்சி வேண்டும்.

அந்த வீட்டின் மருமகள் நஃபோசத். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போய்ப் பெண்குழந்தை பெற்றாள். நாற்பது நாள் கழிந்ததும் பெண்ணைப் பெற்றவர்கள் தொட்டிலும் சீரும் கொண்டுவந்து தாயையும் சேயையும் விட்டுச் செல்ல வேண்டும். சீரை முற்றத்துக் கொடியில் தொங்கவிட்டு ஊர்ப்பெண்கள் மதிப்பிட வேண்டும். இதுதான் வழக்கம். மாமியார் ஹொஸியத் மூன்று தாள் நிறையப் பட்டியல் எழுதி அனுப்பியிருந்தாள்: கம்பளம், குளிர்பதனப் பெட்டி, சீனக் கோப்பைகள், வீட்டு ஆண்கள் ஒவ்வொருவருக்கும் பட்டு அங்கி. நஃபோசத்தின் தந்தை தோஷ்பொலாத் டிராக்டர் பழுதுபார்ப்பவர். கல்யாணச் சீருக்கே பசுவை விற்றவர். பட்டியலைப் படித்துவிட்டு அவர் தம் வீட்டு மரக்கூரையை அண்ணாந்து பார்த்தார். ஏன் பார்க்கிறார் என்பது மகளுக்கு விளங்கிவிட்டது.

"கூரையைப் பாக்காதீங்கப்பா. அது விக்கிறதுக்கில்ல, நம்ம தலைக்கு மேலயே இருக்கட்டும்" என்றாள். மூன்று தாள்களையும் வாங்கி மடித்தாள். கத்தரிக்கோலை எடுத்து மாதுளம்பூ வடிவில் துளை வெட்டினாள். கேட்டு எழுதிய பட்டியல், பூப்போடும் அச்சாகிவிட்டது. பன்னிரண்டு நாள் அந்தக் குடும்பம் முற்றத்தில் உட்கார்ந்து வேலை செய்தது. தோஷ்பொலாத், பட்டுப்புழு தின்னும் முசுக்கட்டை மரத்தில் தொட்டில் இழைத்து, பட்டறையில் மிஞ்சிய டிராக்டர் நீலத்தைப் பூசினார். அதன்மேல் மகள் அச்சுத் தாளை வைத்து, துணி உருண்டையால் சிவப்பை ஒற்றினாள். தாய் இனோபத் தீக்குச்சியில் பஞ்சு சுற்றித் தூரிகையாக்கி, கண்ணேறு படாதிருக்க வாதுமையும் மிளகாயும் வரைந்தாள். காய்ந்த சுரைக்குடுக்கைகளை ஈரமணலால் தேய்த்து, உள்ளே பாதாமிப் பழக் கொட்டைகளைப் போட்டுக் கிலுகிலுப்பை செய்தார்கள். அக்ரூட் பருப்பின் ஓடுகள் மஞ்சள் பூசப்பட்டுத் தோரணமாயின. குழந்தை முனிஸாவும் சும்மா இருக்கவில்லை. அவள் குதிகாலைப் பீட்ரூட் சாற்றில் தோய்த்துத் தொட்டிலின் கால்மாட்டில் பதித்தார்கள்.

சீர் கழுதை வண்டியில் வந்து இறங்கியது. கொடியருகே கூடியிருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். ஹொஸியத் வண்டியைச் சுற்றி வந்தாள்.

"என்ன சம்பந்தி, சீரு எங்க? வழியில எங்கயாச்சும் விழுந்துடுச்சா?"

"இதாங்க சீரு" என்றாள் இனோபத். "எங்க மூணு பேரு கையும் பேத்தி காலும் இதுல இருக்கு."

"கையி இருக்கு, சரி. கடை எங்க? டிராக்டருக்கு அடிக்கிற பெயின்டை என் பேத்திக்கு அடிச்சுக் கொண்டாந்திருக்கீங்களே!"

"ஹாரன் வெச்சிருக்காங்களான்னு பாருக்கா!" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. முற்றமே சிரித்தது. நஃபோசத்தின் கணவன் ஷவ்கத் தன் காலணியைப் பார்த்துக்கொண்டு நின்றான். பொன்வண்ணம் பூசிய கடைத்தொட்டில் ஒன்று உள்ளே ஏற்கெனவே வாங்கி வைக்கப்பட்டிருந்தது. பட்டியலில் உள்ளது வந்து சேரும்வரை மருமகள் வாசற்படி ஏற வேண்டாம் என்று ஹொஸியத் தீர்ப்பளித்து, வந்ததை வந்த வண்டியிலேயே ஏற்றச் சொன்னாள்.

ஆத்திரத்தில் அவள் செய்த பிழை இங்கேதான். வெறுந்தொட்டிலை ஆட்டக் கூடாது என்பது அந்தப் பள்ளத்தாக்கில் நடை பழகும் பிள்ளைக்கும் தெரியும். தொட்டில் விற்பவர்கள்கூட அதைக் கட்டையோடு சேர்த்துக் கட்டித்தான் கொண்டுபோவார்கள். வண்டிக்காரர் சொல்லத்தான் செய்தார்: "கட்டாம ஏத்தாதீங்கம்மா, ஆடும்." ஹொஸியத் கழுதையின் முதுகில் தட்டினாள். ஒன்பது கிலோமீட்டர் குண்டும் குழியுமான பாதையில் நீலத் தொட்டில் வெறுமையாக ஆடிக்கொண்டே போயிற்று. பின்னால் குழந்தையை மார்பில் அணைத்துக்கொண்டு நஃபோசத் நடந்தாள். கட்டுவதற்குக் கயிறு அவள் கையிலேயே இருந்தது.

"கட்டுடி, பிள்ளைக்கு ஆகாது" என்று தாய் பதறினாள்.

"பிள்ளை என் கையில இருக்கும்மா. ஆகாதது யாருக்குன்னு பாக்கலாம்" என்றாள். கட்டவில்லை.

முனிஸாவுக்குத் தும்மல்கூட வரவில்லை. அந்தி சாய்வதற்குள் ஹொஸியத்தின் வீடு ஆடத் தொடங்கியது. கிண்ணத்துக் கஞ்சி தரையில் வழிந்தது. அலமாரி முற்றம்வரை நகர்ந்து வந்தது. பொன்வண்ணத் தொட்டில் ஆளில்லாமல் ஆடிற்று. மாவட்டத்திலிருந்து வந்த பொறியாளர் மட்டக்கோலை வைத்துப் பார்த்து, அடித்தளம் உறுதி, ஆட்டம் சீரானது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். தூங்காத பிள்ளைகளை அந்த ஆட்டத்தில் உறங்கவைக்கச் சுமந்துகொண்டு அண்டைவீட்டுப் பெண்கள் வரத் தொடங்கினார்கள். குளிர்காலம் பிறந்ததும் ஷவ்கத், முகம் வெளுத்து, மாமனார் வீட்டுக்கு வந்தான்.

"வந்துடு நஃபோசத். அம்மாவுக்குத் தலை சுத்துது."

"எனக்கு அன்னிக்கே சுத்துச்சு. நீங்க செருப்பைப் பாத்துட்டிருந்தீங்க."

அவள் நிபந்தனை ஒன்றுதான். கடையில் வாங்காத ஒன்றை மாமியார் தன் கையால் செய்து, தானே நடந்து கொண்டுவர வேண்டும். ஹொஸியத் குளிர்காலம் முழுவதும் மறுத்தாள். வாதுமை மறுபடி பூத்தபோது, முற்றத்துக்கு வந்த அலமாரியின் அடியில், அன்று சீரைத் திருப்பி ஏற்றும்போது உருண்டு போயிருந்த கிலுகிலுப்பை ஒன்று அகப்பட்டது. அதை நெடுநேரம் ஆட்டிப் பார்த்தாள். பிறகு தோட்டத்துக் கொடியில் போன பருவத்திலிருந்து காய்ந்து தொங்கிய வேறொரு சுரைக்குடுக்கையைப் பறித்து வந்து, தீக்குச்சியில் பஞ்சு சுற்றினாள். ஒன்பது கிலோமீட்டர் நடந்து வந்து அவள் நீட்டிய குடுக்கையில் ஒரு கோடுகூட நேராக இல்லை.

"என்ன அத்தை, எல்லாம் கோணலா இருக்கு?"

"வீடே ஆடுதுடி! நான் என்ன செய்ய?"

நஃபோசத் சிரித்துவிட்டாள். நீலத் தொட்டிலில் முனிஸாவைப் படுக்கவைத்து, அதே வண்டியில், அதே வாசலுக்குத் திரும்பினாள். அன்று சிரித்த பெண்கள் வழிவிட்டு நின்றார்கள். வீடு ஆட்டத்தை நிறுத்தவில்லை. யாரும் நிறுத்தச் சொல்லவும் இல்லை. கிண்ணங்களைப் பாதியளவு நிரப்பக் கற்றுக்கொண்டார்கள், அவ்வளவுதான். கோக்தெரக்கில் அதன்பின் எவரும் பட்டியல் எழுதவில்லை.

ஆனால் உங்கள் ஊரில் எழுதுகிறார்கள். இதோ இந்த வாரமும் எவரோ ஒருவர் தம் வீட்டுக் கூரையை அண்ணாந்து பார்க்கிறார். பெருமக்களே, அந்தத் தாளை அவர் கையிலிருந்து வாங்குங்கள். பூ வெட்டுங்கள். வீட்டார் எல்லோரும் உட்கார்ந்து ஒரு குடுக்கைக்கு வண்ணம் தீட்டி, நிமிர்ந்து நின்று கொடுங்கள். வேண்டாமென்று தொட்டிலைத் திருப்பி அனுப்பினால், வண்டியில் ஏற்றுங்கள். அதைக் கட்டக் கயிற்றை மட்டும் எடுக்காதீர்கள்.