பாகம் பிரியாத புத்தகங்கள்

குடும்பம் பாகம் பிரிந்தபோது, அவ்வீட்டிலிருந்த ஒவ்வொரு பொருளும் ஏதேனும் ஒரு பக்கம் போய்ச் சேர்ந்தது. மர அலமாரி அண்ணனுக்கு. தையல் இயந்திரம் தம்பிக்கு. ஏணி ஒன்றே ஒன்று இருந்தமையால் அதை அண்ணன் எடுத்துக்கொள்ள, அதற்கு ஈடாகச் சுவர்க் கடிகாரத்தைத் தம்பி கழற்றிக்கொண்டார். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று சொல்லிவைத்த முன்னோர், ஏணியையும் கடிகாரத்தையும் பற்றி ஒன்றும் சொல்லிவைக்கவில்லை. ஆகவே அவ்விரண்டையும் பற்றித்தான் அதிகமாகச் சண்டை நடந்தது.

ஒரே ஒரு சொத்து மட்டும் எவர் கண்ணிலும் படாமல் தப்பியது. அது அவர்களின் மனைவியரான ஓரகத்திகள் இருவரும் சேர்ந்து வைத்திருந்த மின்நூல் கணக்கு.

மூத்தவளும் இளையவளும் ஒரே நாளில் ஆளுக்கொரு வாசிப்புக் கருவி வாங்கியிருந்தார்கள். ஒருத்தி வாங்கும் புத்தகம் மற்றவளுக்கும் திறக்க வேண்டும் என்பதற்காக, இரண்டையும் மூத்தவள் பெயரில் ஒரே கணக்கில் சேர்த்தார்கள். புத்தகங்களை முறை வைத்து வாங்கினார்கள். ஒருத்தி ஒரு நூலைத் திறந்தால், மற்றவள் எதுவரை படித்திருக்கிறாள் என்பதைத் திரை காட்டி, 'அந்தப் பக்கத்திற்குச் செல்லவா?' என்று கேட்கும். இருவரும் 'வேண்டாம்' என்றே அழுத்துவார்கள். மூத்தவளின் கண் வேகமானது. எப்போதும் அவளே முன்னால் ஓடுவாள். ஆயினும் அவர்களுக்குள் ஓர் உடன்பாடு இருந்தது: முன்னால் ஓடுகிறவள் கடைசி அத்தியாயத்தின் வாசலில் நிற்க வேண்டும். பின்னால் வருகிறவள் வந்து சேர்ந்ததும், துணி காயும் மாடியில் அருகருகே அமர்ந்து இருவரும் சேர்ந்தே முடிக்க வேண்டும். அந்த வீட்டில் ஒருவரும் மீறாத சட்டம் அது ஒன்றுதான்.

பிறகு அண்ணன் தம்பிக்குள், சேர்ந்து நடத்திய கடை விஷயத்தில் மனத்தாங்கல் வந்தது. பாத்திரங்களைக் கட்டிய அன்று மூத்தவள் எல்லோர் முன்னிலையிலும், "நீ காலடி வச்ச அன்னிக்கே இந்த வீடு ரெண்டாப் போச்சு" என்றாள். அன்றிலிருந்து இரண்டு ஆண்டுகளாக இருவருக்கும் பேச்சு இல்லை.

ஆனால் வாசிப்பு நிற்கவில்லை. மூத்தவள் ஒரு நூல் வாங்கினால் அது இளையவளின் திரையில் சத்தமில்லாமல் வந்து அமரும். இளையவள் ஒன்றுமே அறியாதவள்போல் அதைத் திறப்பாள். மூத்தவள் இருக்கும் பக்கம் நகர்ந்திருந்தால் அவள் நலமாக இருக்கிறாள் என்று பொருள். நகராவிட்டால் காய்ச்சலோ, விருந்தாளியோ என்று மனம் கிடந்து அடித்துக்கொள்ளும். கடிதம் போட்டுக்கொள்ளாத இருவருக்கு இதைவிட நல்ல தபால்காரன் கிடைக்கமாட்டான்.

இப்படியிருக்கையில், கப்பல் கட்டும் குடும்பமொன்றைப் பற்றிய தடித்த நாவல் ஒன்று வந்தது. மூத்தவள் வழக்கம்போல ஓடினாள். ஓடியவள் ஓரிடத்தில் நின்றாள். இளையவள் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் திரை அதே பக்கத்தையே காட்டியது. உள்ளடக்கத்தைப் புரட்டிப் பார்த்தாள். அது கடைசி அத்தியாயத்தின் முதல் பக்கம்.

உடம்பு முடியாமல் படுத்துவிட்டாளா? அல்லது வாசலில் நிற்கிறாளா? இரண்டாவதை நம்ப ஆசையாக இருந்தது, ஆசைப்படத் துணிவில்லை. எதுவாயினும் வேகமாகப் படித்து அங்கே போய்ச் சேர்ந்துவிடுவது என்று அவள் முடிவு செய்திருந்தபோதுதான், கருவியின் முதுகு வீங்கத் தொடங்கியது. உள்ளேயிருந்த மின்கலம் உப்பி, திரையை ஒரு பக்கமாகத் தூக்கியது. ஒரு காலையில் அது அடியோடு அணைந்துபோனது.

நிறுவனத்தின் சேவை மையம் கண்ணாடிக் கதவுகளும் குளிர்ந்த காற்றுமாக இருந்தது. முகப்பில் இருந்த இளைஞன் கருவியைத் தொடாமலே பார்த்தான்.

"இது பழைய மாடல் மேடம். இதுக்கு சர்வீஸ் நிறுத்திட்டாங்க."

"பேட்டரிதான் வீங்கியிருக்கு. அதை மட்டும் மாத்திக் குடுத்தா போதும்."

"பேட்டரி தனியா வராது. உள்ள ஒட்டி வச்சிருக்கும். இதைக் குடுத்துட்டு புதுசு எடுத்தீங்கன்னா விலையில கொஞ்சம் குறைப்போம்."

இளையவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் பார்வை அளப்பவள். கழன்ற திருகை மாட்டாமல் அவளுக்கு ஒரு நாளும் கழிந்ததில்லை.

"நான் கண்ணாடிக் கடையில வேலை பாக்கிறேன் தம்பி. திருகு கழண்டு வர்றவங்ககிட்ட, இதைத் தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குங்கன்னு நாங்க சொன்னா அடிக்க வருவாங்க."

அவன் தன் கண்ணாடியைக் கழற்றிக் காட்டினான். காதோரத்தில் கறுப்பு நூல் சுற்றியிருந்தது. "நானும் தூக்கிப் போடலியே மேடம். ஆனா இங்க உத்தரவு வேற."

அவளுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. அதனால் கோபப்படவும் வழியில்லாமல் போனது.

"புதுசு எடுத்தா, புத்தகமெல்லாம் வந்துடுமா?"

"கணக்குல இருக்கிறது அப்படியே வரும். பேர் சொல்லுங்க." அவள் சொன்ன பெயரைத் தட்டிவிட்டு நிமிர்ந்தான். "இது நீங்களா?"

"என் ஓரகத்தி."

"அப்ப அவங்க போனுக்கு ஒரு எண் போகும். அதைக் கேட்டு இதுல போட்டா முடிஞ்சுது. ஒரு போன் பண்ணுங்களேன்."

அவள் கைப்பையைத் திறந்தாள், மூடினாள். "பாதிப் புத்தகம் நான் வாங்கினது தம்பி."

"வாங்கினதுன்னு சொல்ல முடியாது மேடம். படிக்க அனுமதி எடுத்திருக்கீங்க, அதுவும் அவங்க பேர்ல."

"அப்ப எல்லாம் அவங்களோடதா?"

"அவங்களோடதும் இல்ல. அவங்களுக்கும் அனுமதிதான். அவங்க காலத்துக்கு அப்புறம் யாருக்கும் எழுதி வைக்கவும் முடியாது."

ஓர் ஏணிக்காக அண்ணனும் தம்பியும் முகம் கறுத்து நின்றதை நினைத்தாள். இங்கே ஓர் அலமாரி நிறையப் புத்தகங்கள், அவளுக்கும் சொந்தமில்லை, மூத்தவளுக்கும் சொந்தமில்லை. சொந்தமில்லாத காரணத்தினால்தான் அவை இன்னும் இருவருக்கும் பொதுவாக இருக்கின்றன போலும்.

"இந்தக் கருவியாவது என்னோடதா?"

"அது உங்களோடதுதான்," என்றான் அவன். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா திறக்கக் கூடாது," என்றான்.

வீட்டிற்கு வந்து சொன்னபோது, கணவர் நாற்காலியின் மேல் முக்காலியை வைத்து அதன்மேல் நின்று விளக்கு மாற்றிக்கொண்டிருந்தார்.

"இதுக்குப் போய் மண்டையை உடைச்சுக்கிறியே. உன் பேர்லயே புதுக் கணக்கு ஒண்ணு தொடங்கு. யாரையும் கேக்க வேண்டாம் பாரு."

"நீங்க போய் உங்க அண்ணன்கிட்ட ஏணியைக் கேட்டு வாங்கிட்டு வாங்க. வந்ததும் நான் புதுக் கணக்குத் தொடங்குறேன்."

கணவர் விளக்கை மாற்றும் வேலையில் மிகுந்த கவனம் செலுத்தலானார்.

புதுக் கணக்கு என்றால் தபால்காரனுக்கு விடைகொடுப்பது என்று பொருள். புதுக் கருவி என்றால் எண்ணைக் கேட்டு மூத்தவளிடம் போய் நிற்பது என்று பொருள். இரண்டும் வேண்டாமென்றால் பழைய கருவி அதன் நினைவு கலையாமல் உயிர்பெற வேண்டும். எனவே அவள் கைப்பேசி பழுதுபார்க்கும் கடைக்குப் போனாள்.

கடைக்காரரைத் தெருவே 'சர்ஜன்' என்று அழைக்கும். நெற்றியில் விளக்குப் பட்டை கட்டிக்கொண்டு குனிந்தால் வாடிக்கையாளரையும் நோயாளியின் உறவினர்போல நடத்துவார்.

"கொஞ்சம் முன்னாலயே கொண்டு வந்திருக்கலாம். இதுக்கு மேல சார்ஜ் போட்டிருந்தா தீப்பிடிச்சிருக்கும். திறக்கிறது பெரிய விஷயமில்ல. பின்னால சூடு காட்டி, பசை இளகினதும் மெல்லிசா ஒரு அட்டையை விட்டு ஓட்டணும்."

"உள்ள இருக்கிறது போயிடக் கூடாது. அதுதான் எனக்கு முக்கியம்."

"மூளையைத் தொட மாட்டேன் மேடம். இதயத்தை மட்டும் மாத்துறேன். நிம்மதியா வேலைக்குப் போயிட்டு வாங்க."

சர்ஜன் பொய் சொல்லவில்லை. வேறொரு கருவியின் மின்கலத்தைத் தேடிப் பிடித்து, அளவு பார்த்து, பொருத்தி, பழைய பசையைச் சுரண்டி, புதுப் பசை தடவி, மூடியும் விட்டார். மாலையில் அவள் வந்தபோது கருவி முதல் நாள்போல் மெலிந்து, ஒளிர்ந்துகொண்டிருந்தது. திரையில், 'வணக்கம். உங்கள் மொழியைத் தேர்ந்தெடுங்கள்' என்று இருந்தது.

அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இது ஏன் எங்கிட்ட வணக்கம் சொல்லுது?"

சர்ஜன் நெற்றி விளக்கை அணைத்தார். "இங்க வர்ற போன்ல பாதி விக்கிறதுக்காக வர்றது மேடம். முடிச்சதும் உள்ள இருக்கிறதைத் துடைச்சுக் குடுக்கிறது என் வழக்கம். இல்லன்னா நாளைக்கு எம்மேல பழி வந்துடும் பாருங்க..." சொல்லச் சொல்ல அவருக்கே புரிந்தது. "கை தானாப் பண்ணிடுச்சு. நீங்க சொன்னது நினைவே இல்ல."

"மூளையைத் தொட மாட்டேன்னு சொன்னீங்க."

"தொடல. கழுவிட்டேன்." அவர் முகம் வாடிவிட்டது. கூலி வேண்டாம் என்றார். வேலை செய்த கை, கூலி வாங்கத்தான் வேண்டும் என்று சொல்லி அவள் மேசைமேல் வைத்துவிட்டு வந்தாள். தப்பிப் போகலாம் என்று தேடிய வழி, தப்ப நினைத்த வாசலிலேயே கொண்டுவந்து விட்டிருந்தது.

மறுநாள் அவளுக்கு வார விடுமுறை. மதியச் சாப்பாட்டுக்குப் பின் வீடு அமைதியாயிருந்தது. கருவியை எடுத்து, மூத்தவளின் பெயரை உள்ளிட்டாள். கடவுச்சொல் கேட்டது. பழைய வீட்டின் கதவு எண்ணும், இருவர் பெயர்களின் முதலெழுத்துகளும் சேர்த்து அவர்கள் முன்பு வைத்திருந்த சொல்லைத் தட்டினாள்.

திறந்தது.

இரண்டு ஆண்டுகளில் அதை மாற்றுவதற்கு மூத்தவளுக்கு எத்தனையோ வாய்ப்புகள் இருந்திருக்கும். பாகத்தில் கிடைத்த மர அலமாரியைப் பூட்டிச் சாவியை எடுத்துச் சென்றவள் இதைப் பூட்டவில்லை. இளையவள் இதைப் பற்றி எண்ணி முடிப்பதற்குள், மூத்தவளின் கைப்பேசிக்கு எண் அனுப்பப்பட்டுவிட்டதாகத் திரை அறிவித்தது. இனி மறைக்க ஒன்றுமில்லை. கேட்க வாய் வரவில்லை. கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எண்ணைத் தட்டவேண்டிய கட்டம் வெறுமையாகவே இருக்க, அதன் நேரம் முடிந்தது. 'மறுபடி அனுப்பவா?' என்றது திரை. அவள் அழுத்தவில்லை.

அப்போது கைப்பேசி ஒலித்தது.

"நான்தான்," என்றது மூத்தவளின் குரல். முகமன் ஒன்றும் இல்லை. "கவனமாக் கேளு. யாரோ நம்ம கணக்குக்குள்ள நுழையப் பாக்கிறான். இப்பத்தான் எனக்கு எண் வந்துச்சு. எவனாவது உனக்கு போன் பண்ணி நைச்சியமாப் பேசி ஏதாவது கேட்டா, வாயைத் தொறக்காதே. நீ யார் கேட்டாலும் சொல்லிடுற ஆளு."

நம்ம கணக்கு என்ற சொல் இளையவளின் காதில் விழுந்து, அங்கேயே தங்கியது.

"திருடன் நான்தான் அக்கா."

மறுமுனையில் குழாய் நீர் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது. இளையவள் மின்கலம் வீங்கியதிலிருந்து சர்ஜன் கழுவியது வரை சொல்லி முடித்தாள்.

"வீங்கினதைத் தலைமாட்டுல வச்சுக்கிட்டுத் தூங்கினியா?"

"ஆமா."

"உனக்கு அறிவுன்னு ஒண்ணு இருக்கா?" மூத்தவள் பெருமூச்சு விட்டாள். "ஒரு வார்த்தை எங்கிட்டக் கேட்டிருக்கலாம்."

"கேக்கிற மாதிரியா பிரிஞ்சோம்?"

இளையவளின் சுவரில் அந்தப் பழைய கடிகாரம் அடித்தது.

"அது இன்னும் முன்னாலதான் ஓடுதா?" என்றாள் மூத்தவள்.

"ஓடுது. திருப்பி வைக்க ஏணி இல்ல."

மூத்தவள் சிரிப்பை அடக்கிக்கொண்ட ஓசை கேட்டது. பின் குரல் இறங்கிற்று. "அன்னிக்கு நான் சொன்னது..."

"அது வலிச்சுது அக்கா. இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா அதைப் போன்ல பேச வேண்டாம். ஒரு நாள் நேர்ல பேசுவோம்."

"சரி," என்றாள் மூத்தவள். சிறிது நேரம் கழித்து மறுபடியும், "சரி," என்றாள். "இப்ப அழுத்து. எண் வரட்டும்."

இளையவள் அழுத்தினாள்.

"வந்துடுச்சு. யாருக்கும் சொல்லாதேன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கான்."

"அப்ப சொல்லாதீங்க."

"வாயாடி. எழுதிக்கோ." இரண்டிரண்டாக எண்களைப் படித்தாள். இளையவள் தட்டத் தட்டத் திரை ஒரு முறை வெளுத்து, மீண்டது. புத்தகங்கள் ஒவ்வொன்றாக வந்து வரிசையில் நின்றன: அவள் வாங்கியவை, மூத்தவள் வாங்கியவை, யார் வாங்கியதென்று இருவருக்குமே மறந்துபோனவை.

கப்பல் நாவலைத் திறந்தாள். பாதிவரை தான் படித்திருந்த பக்கம் வந்தது; உடனே அதன்மேல் அந்தப் பழைய கேள்வியும் வந்தது.

"என்ன, ஒண்ணும் பேசக் காணோம்? வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சு. நீங்க இருக்கிற பக்கத்துக்குப் போகவான்னு கேக்குது." இளையவள் தயங்கினாள். "ரொம்ப நாளா ஒரே இடத்துல இருக்கீங்களே அக்கா. உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"உடம்புக்கு என்ன? நல்லாத்தான் இருக்கேன்." மூத்தவளின் குரலில் இலேசாக எரிச்சல் இருந்தது. "கடைசி அத்தியாயத்துக்கு வந்துட்டேன். நீ வரவே இல்ல. இந்தப் பொண்ணுக்குப் புத்தகம் பிடிக்கலையோன்னு கூட நெனச்சேன்."

இளையவளின் விரல் திரையின்மேல் நின்றது. ஒரே தொடுதலில் மூத்தவள் நிற்கும் இடத்திற்குப் போய்விடலாம்.

"போயிடவா அக்கா?"

"போகாதே. நடுவுல அந்தக் கிழவன் கடல்ல இறங்குற இடம் இருக்கு, அதைத் தாண்டிட்டு வந்தா எனக்குக் கெட்ட கோபம் வரும். வேண்டாம்னு அழுத்திட்டு, நிதானமாப் படிச்சிட்டு வா. நான் வாசல்லதான் நிக்கிறேன்."

இளையவள் 'வேண்டாம்' என்பதை அழுத்தினாள். தான் விட்ட பக்கம் திரும்பி வந்தது. எழுத்துகள் தெளிவாக இருந்தன.

"கால் வலிச்சா உக்காந்துக்கோங்க அக்கா," என்றாள்.