‘உடனடியாக’ என்ற ஒரு சொல்

முப்பது வருடம் பதிப்பகத்தில் பிழை திருத்தியவள் அக்கா. அடுத்தவர் எழுத்தை நம்பாமல் இருப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். மறதி நோய் தொடங்கியிருக்கிறது என்று டாக்டர் சொல்லி மூன்று வாரம்கூட ஆகவில்லை. கூடவே வசிக்கும் தங்கை ஒரு பத்திரத்தை நீட்டியபோது அவளுக்குச் சுருக்கென்றது.

"எதுக்குடி இவ்வளவு அவசரம்?"

"பின்னாடி உன்னால முடிவெடுக்க முடியாமப் போனா, உனக்காக நான் எடுக்கறதுக்கு. தெளிவா இருக்கும்போதே எழுதி வைங்கன்னு டாக்டரே சொன்னாரே. கையெழுத்துப் போட்டுடு, வக்கீல் ஆபீஸ்ல குடுத்துட்டு வந்துடறேன்."

அக்கா மேசை விளக்கைப் போட்டாள். ஒவ்வொரு வரிக்கும் கீழே அளவுகோலை வைத்து நகர்த்தினாள். தங்கை சமையலறைக்கும் மேசைக்குமாக நடந்தாள். அந்த நடையே அக்காவுக்குப் பிடிக்கவில்லை. போன வாரம் போனில் குசுகுசுவென்று பேசினாளே, யாரோடு? எனக்கு வந்த கடிதத்தை ஏன் அவள் பிரித்தாள்?

இரண்டாம் பக்கத்தில் அளவுகோல் நின்றது. ‘இந்த அதிகாரம் உடனடியாக நடைமுறைக்கு வரும்.’

"நான் முழுப் புத்தியோட உக்காந்திருக்கும்போதே என் வாயை மூடப் பாக்கறியா?"

தங்கை குனிந்து படித்தாள். முகம் வெளுத்தது. "சத்தியமா நான் படிக்கலக்கா. அவங்க அடிச்சுக் குடுத்ததை அப்படியே வாங்கிட்டு வந்தேன்."

பொய் சொன்னால் தங்கைக்குக் காது சிவக்கும். அக்கா காதைப் பார்த்தாள். தலைமுடி மறைத்திருந்தது.

மறுநாள் இருவரும் வக்கீல் அலுவலகம் போனார்கள். தங்கையை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, வக்கீலம்மா அக்காவிடம் தனியாகப் பேசினார். ‘உடனடியாக’ போய், ‘இரண்டு டாக்டர்கள் பரிசோதித்து எழுதிக்கொடுத்த பிறகு’ என்று வந்தது. அக்கா இன்னொரு வரியும் சேர்க்கச் சொன்னாள்: பதிப்பகத்தில் புத்தக அட்டை வரைந்த ஓவியர் அவ்வப்போது வந்து தன்னை நேரில் பார்க்க வேண்டும், அவர் சம்மதமில்லாமல் தன்னை வீட்டைவிட்டு வேறெங்கும் சேர்க்கக் கூடாது. அதன் பிறகே கையெழுத்துப் போட்டாள்.

படியிறங்கும்போது தங்கை கேட்டாள். "என்மேல நம்பிக்கை இல்ல, அப்படித்தானே?"

"இன்னிக்கு அரைகுறையா இருக்கு. போகப் போக அதுவும் இருக்காதாம். அப்ப நான் உன்னை என்னென்ன சொல்லுவேனோ, யாருக்குத் தெரியும்?"

தங்கை இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஒன்றரை வருடம் போயிற்று. இரண்டு டாக்டர்களும் எழுதிக்கொடுத்து, அதிகாரம் தங்கை கைக்கு வந்துவிட்டது. ஒரு மத்தியானம் அக்கா எதிர்வீட்டுக் கதவைத் தட்டி அழுதாள். "அந்தப் பொம்பள என்னை அடைச்சு வெச்சிருக்கா. சாப்பாட்டுல என்னமோ கலக்கறா."

மாடிப்படியில் தங்கையைக் கண்டால் எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். தகவல் தெரிந்து ஓவியர் வந்தார். அக்காவோடு ஒரு மணி நேரம் தனியாக இருந்தார். மருந்துச் சீட்டையும் மாத்திரைகளையும் ஒப்பிட்டார், கையைத் திருப்பிக் காயம் உண்டா என்று பார்த்தார், சமையலறையில் பாத்திரங்களைக்கூடத் திறந்தார். தங்கை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

பிறகு அவரே எதிர்வீட்டுக்குப் போய்ச் சொன்னார். "நல்லாப் பாத்துக்கறாங்க. அக்காவை அப்படிப் பேச வைக்கறது அவங்க நோய்."

திரும்பி வந்து செருப்பை மாட்டியவர் தயங்கினார். "தப்பா நினைக்காதீங்க. அடுத்த மாசமும் வந்து பாப்பேன்."

"வாங்க," என்றாள் தங்கை. "போன் பண்ணாமலே வாங்க."